மேசையும் பீரோவும்

எங்கள் டோங்கா தீவுகளில் அக்கா பிள்ளைகள் தாய்மாமன் வீட்டில் எதையும் கேட்காமலே எடுத்துக்கொள்ளலாம். என் அக்கா மகள் அனசேனி ஒருமுறை என் கொழுத்த பன்றியையே ஓட்டிக்கொண்டு போனாள். அது அவள் உரிமை.

போன மாதம் என் கம்ப்யூட்டர் திடீரென்று ஆமையாகிவிட்டது. கம்ப்யூட்டர் வகுப்பு நடத்துகிறவள் என்று அவளிடமே கேட்டேன்.

"மெமரி நெறஞ்சுபோச்சு மாமா. பழைய வீடியோ எல்லாத்தையும் அழிச்சுடுங்க."

மனசில்லாமல் அழித்தேன். ஆமை ஆமையாகவே இருந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரிப்பேர் கடைக்குப் போனேன்.

"வீடியோவ அழிச்சா எப்படிங்க வேகம் வரும்?" என்றார் கடைக்காரர். "வீடியோ இருக்கற டிஸ்க், பீரோ மாதிரி. ராம்ங்கறது வேலை செய்யற மேசை. பீரோவக் காலி பண்ணினா மேசை பெருசாகுமா?"

பெட்டியைத் திறந்து பார்த்தவர் நிமிர்ந்தார்.

"இதுல ரெண்டு ராம் இருந்திருக்கு. ஒண்ண யாரோ கழட்டியிருக்காங்க. சுத்தியும் தூசி, அந்த எடம் மட்டும் சுத்தமா இருக்கு."

நேராக அனசேனி வீட்டுக்குப் போனேன். அவள் மறுக்கவில்லை.

"எடுக்கத்தான் உனக்கு உரிமை இருக்கே. எதுக்குப் பொய் சொன்னே?"

"பன்னி, பாய்னா சரி மாமா. கம்ப்யூட்டர் சாமானுக்கு அது செல்லுமான்னு தெரியல. அதான்."

"அழிச்ச வீடியோல இருந்தது என்னன்னு தெரியுமா?"

"என்ன?"

"உங்கம்மா சர்ச்ல பாடினது. சாகறதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை வரைக்கும். நீயே அழிக்கச் சொன்னதால, உன்கிட்ட இன்னொரு காப்பி இருக்கும்னு நெனச்சுட்டேன்."