அரைச் சுற்று

“தம்பி, இந்தக் கார் முந்தி எப்பிடிக் குலுங்கிச்சுதோ, அப்பிடியே திருப்பிச் செய்து தாரும்.”

மர்சூக் கையைத் துடைத்தபடி நவரட்ணத்தைப் பார்த்தான். நகரின் மில்லிக்கன் பகுதியில் அவன் கராஜ் திறந்து ஆறு வருடமாகிறது. திருத்தச் சொல்லி வருவார்கள். பழுதாக்கச் சொல்லி இதுவரை ஒருவரும் வந்ததில்லை.

மூன்று வாரத்துக்கு முன் அவர் ஒயில் மாற்றத்தான் காரை விட்டுப் போயிருந்தார். பதினைந்து வருடப் பழைய கார். ஓரிடத்தில் நின்றாலே எஞ்சின் தடதடவென்று உதறியது. பக்கத்துக் கடைக் கண்ணாடி வரை அதிர்ந்தது. மர்சூக்குக்கு மனம் கேட்கவில்லை. யாரும் கேட்காமலே பொனற்றைத் திறந்து, எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ரொட்டில் ஸ்குரூவைக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கிப் பார்த்தான். அரைச் சுற்றில் எஞ்சின் அடங்கியது. ஓடுகிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டிய அளவுக்கு அமைதி. அன்றைக்கு அவனுக்கு அதில் சின்னப் பெருமைகூட இருந்தது.

அதைத்தான் இப்போது கெடுக்கச் சொல்கிறார்.

சிக்னலில் கார் நின்றுவிடும், பெற்றோல் வீணாகும், பனிக்காலம் வந்தால் நடுறோட்டில் நிற்க வேண்டிவரும் என்று மர்சூக் ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னான். நவரட்ணம் எல்லாவற்றுக்கும் “ஓம், ஓம்” என்று தலையாட்டினார். காரை விட்டு மட்டும் நகரவில்லை.

“என்ர வேலையில ஏதும் பிழையோ, அண்ணை?”

“ஒரு பிழையும் இல்லைத் தம்பி. நல்லாத்தான் செய்தனீர்.”

சொல்லிவிட்டு அவரே பொனற்றைத் தூக்கினார். விற்கப் போகிறாரோ, மனுசனுக்கு ஏதும் சுகமில்லையோ என்று மர்சூக் யோசித்தான். பிறகு ஸ்குரூட்றைவரை எடுத்து, முறுக்கியதை மெல்லத் தளர்த்தினான். எஞ்சின் திணறியது. கார் உதறத் தொடங்கியது.

நவரட்ணம் குனிந்து காது கொடுத்துக் கேட்டார். “இன்னும் கொஞ்சம்” என்றார். மர்சூக் இன்னும் கொஞ்சம் தளர்த்தினான். பழைய தடதடப்பு முழுசாகத் திரும்பி வந்தது.

“இதுதான்” என்றவரின் கண் கலங்கியிருந்தது.

அவர் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினார். மர்சூக்குக்குப் பொறுக்கவில்லை. யன்னலருகே போய், “இந்தச் சத்தத்தோட எங்க அண்ணை போறியள்?” என்று கேட்டான்.

“சென் ஜேம்ஸ் ரவுணுக்கு. ஞாயிறெண்டா அங்க ஒரு கட்டடத்துக்குக் கீழ காரை ஸ்ராட்டில விட்டிட்டுக் கொஞ்ச நேரம் நிப்பன்.”

“ஆர் இருக்கினம் அங்க?”

நவரட்ணம் ஸ்ரியறிங்கைப் பார்த்தபடியே சொன்னார்.

“என்ர மகன் துஷாந்த். வீட்டை விட்டுப் போ எண்டு நான்தான் கலைச்சனான். ரெண்டு வருசமா ஒரு கதை பேச்சில்லை. இந்தச் சத்தம் கேட்டா மட்டும் நாலாம் மாடி யன்னலைத் திறந்து எட்டிப் பாப்பான்... நீர் கார் திருத்தின நாளில இருந்து அது திறக்கேல்லை, தம்பி.”