போரா

"மன்னிப்பெல்லாம் கேக்க முடியாது மொதலாளி. தப்பு பண்ணவன் கேப்பான்."

கோதண்டபாணி கையைக் கட்டிக்கொள்ளாமல் நிமிர்ந்து நின்றுதான் பேசினான். பாண்டி பஜாரில் அந்த ஜவுளிக் கடையில் பதினோரு வருஷமாகப் புடவை விரித்துக் காட்டுகிறவன். முதலாளி நல்லசிவம் அன்று காலைதான் திருநெல்வேலியிலிருந்து வந்து இறங்கியிருந்தார். வந்ததும் வராததுமாகப் பஞ்சாயத்து.

"கடை நிறைய ஆளு இருக்கும்போது மேனேஜரைப் போடான்னு சொன்னியாமே? அவரு சொல்லுதாரு."

"நான் அப்படிச் சொல்லலே."

மேனேஜர் ரகுபதி குதித்தார். "பொய் சார்! மூணு நாள் லீவு கேட்டான். எங்கே போறேன்னேன். மூஞ்சிக்கு நேரா 'போரா'ன்னான். தெலுங்கிலே போரான்னா போடான்னு அர்த்தம். நான் வீட்டிலே தெலுங்கு பேசறவன்னு இவனுக்கு நல்லாத் தெரியும். நைலக்ஸ் புடவை பார்த்துக்கிட்டிருந்த பொம்பளைங்க எல்லாம் சிரிச்சிட்டாங்க. முதலாளி வரட்டும்னு நேத்து மத்தியானமே இவனை வெளியே அனுப்பிட்டேன்."

"நீ எப்படிக் கேட்டே, அதையும் சொல்லு சார்" என்றான் கோதண்டபாணி. "'உன் மூஞ்சிக்கு மாம்பலம் ஸ்டேஷனைத் தாண்டி எந்த ஊருடா இருக்கு'ன்னு கேட்டியா இல்லையா? பதினோரு வருஷத்துல ஒரே ஒரு தபா லீவு கேட்டேன். புடவை மடிக்கிறவன் பொண்டாட்டியக் கூட்டிக்கினு ஊர் பார்க்கக் கூடாதா?"

நல்லசிவத்துக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் மேனேஜரை விட்டுக்கொடுத்தால் கடையை எப்படி நடத்துவது?

"அவரு கேட்டதும் தப்புதான். அதுக்காக நீ அப்படிச் சொல்லலாமா? ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுட்டு வேலையைப் பாரு. இல்லன்னா கணக்கை முடிச்சுக்கிட்டுக் கிளம்பு."

வேலை போனால் மந்தைவெளி வீட்டில் அடுப்பு எரியாது. அது கோதண்டபாணிக்குத் தெரியாமல் இல்லை. இருந்தும் அவன் தலை குனியவில்லை.

"எங்க போறேன்னு கேட்டாரு, ஊர் பேரைச் சொன்னேன். இதுக்கு இன்னாத்துக்கு மன்னிப்பு?"

"ஊர் பேரா?"

சட்டைப் பையிலிருந்து ஒரு நோட்டீசையும் இரண்டு டிக்கெட்டுகளையும் எடுத்து மேஜைமேல் வைத்தான். தேனாம்பேட்டையில் ஒரு டூர் கம்பெனி அச்சடித்தது. 'ஆந்திராவின் அதிசயம், போரா குகை' என்று கொட்டை எழுத்தில் போட்டு, கீழே குகை வாசலின் படமும் இருந்தது.

நல்லசிவம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு முறை படித்தார். "அடேயப்பா, மலைக்கு உள்ளயே போகணுமா? உள்ள என்னய்யா இருக்கு?"

"இருட்டா கீதுங்க மொதலாளி."

"குகைன்னா இருட்டுதான். வேற?"

"பெரிய இருட்டு. மேலேர்ந்து கல்லு தொங்கிக்கினு கீது. உள்ள போனா... போய்க்கினே இருக்கலாம்."

முதலாளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்ன ரகுபதி, போற ஊரைச் சொன்னவனையா வெளியே அனுப்பினீரு?"

ரகுபதியின் முகம் சுண்டிப் போயிற்று. "இப்படி ஒரு குகை இருக்குன்னு எனக்கென்ன சார் தெரியும்? தப்பா எடுத்துக்காதே கோதண்டபாணி."

"எடுத்துக்கலே. ஆனா இனிமே யாரையும் அப்படிக் கேக்காதே சார்."

"அவ்வளவு தூரத்துக்கு மூணு நாள் பத்தாது. அஞ்சு நாளாப் போட்டுக்க" என்றார் நல்லசிவம்.

அன்று வீட்டுக்குள் நுழையும்போதே கோதண்டபாணி குரல் கொடுத்தான். "தேவானை, துணியெல்லாம் எடுத்து வை. வெள்ளிக்கிழமை ராத்திரி ரயில்."

"திருத்தணிக்கு ராத்திரி ரயில் எதுக்குய்யா? காலையில பஸ்லயே பூடலாமே?"

"திருத்தணி இல்லடி. ஆந்திராவுல ஒரு குகை. டிக்கெட் எடுத்தாச்சு."

"குகையா? திருத்தணி போறதுக்குத்தானே லீவு கேட்டே?"

"அதுக்குத்தான் கேட்டேன். அந்தாளு பேசின பேச்சுக்கு ஆத்திரம் வந்து, அவன் பாஷையிலயே மெய்யாலுமே 'போடா'ன்னுட்டேன். நேத்து சாயங்காலம் வேற வேலை தேடிக்கினு தேனாம்பேட்டைக்குப் போனப்போதான், அந்தப் பேர்ல ஒரு குகை கீதுன்னே எனக்குத் தெரியும்!"