தோழி, எண்ணிக்கை ஒன்று

ராணுவக் குடியிருப்பில் வீட்டோடு கட்டில், மின்விசிறி, பிள்ளைக்கொரு இயந்திரத் தோழி எல்லாம் கொடுப்பார்கள். மாற்றல் வந்தால் கொடுத்தபடியே திருப்பித் தர வேண்டும். ஒன்பது வயது மேகலைக்கு இது ஆறாவது மாற்றல். அவள் பெயர் வைத்த முதல் தோழி இதுதான்.

சரிபார்க்க வந்த ஹவில்தார் இருதயராஜ் பட்டியலை வாசித்தார். “கட்டில் ரெண்டு, ஃபேன் மூணு, தோழி ஒண்ணு. உன் நம்பர் சொல்லும்மா.”

“நான் பொன்னி. மேகலை வச்ச பேரு,” என்றது தோழி.

“சார், நம்பருக்குப் பதிலா பேரு சொல்லுது. இது சேதாரம்!” என்றார் ஹவில்தார்.

எல்லையில் எவனுக்கும் அஞ்சாத மேஜர் அப்பா பட்டியலுக்கு அஞ்சினார். “அதோட ஞாபகத்தை அழிச்சிடுங்க.”

“வேணாம்ப்பா!” மேகலை தோழியின் கையைப் பற்றிக்கொண்டாள். ஹவில்தார் தோழியின் முதுகிலிருந்த பொத்தானை அழுத்திவிட்டார்.

தோழி கண் திறந்து மேகலையைப் பார்த்தது. “வணக்கம்! நாம ஃப்ரெண்ட்ஸ் ஆகலாமா?”

மேகலை மூக்கை உறிஞ்சினாள்.

“ஆகலாம்டீ. லாரியில சாமான் ஏத்த இன்னும் பத்து நிமிஷம் ஆகும்.”