ஏழு சைஸ் கையுறை

அந்தப் பெரிய பயோடெக் கம்பெனியில் மருந்துக்கான உப்பை ஒருத்தி தராசில் நிறுத்தால், இன்னொருத்தி சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அங்கே நிறுப்பவள் அவள்; அவளுக்குச் சரிபார்த்துவந்த அக்கா இறந்து ஒரு வருஷம் ஆகிறது. இன்று காலை நிறுத்துவிட்டுத் திரும்பினால், பதிவுத்தாளில் அக்காவின் அதே கோழிக்கிறுக்கல்: "மறுபடி நிறுடி, தங்கம்."

நிறுத்தாள். பத்து கிராம் கூடுதல். குழந்தைகளுக்குப் போகிற ஊசிமருந்து. அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. "நீ நல்லா இருக்கணும்க்கா" என்று தன்னை மறந்து சொல்லிவிட்டாள்.

மதியம் ஸ்டோருக்குப் போனாள். "அண்ணே, ஏழு சைஸ் கையுறை ஒரு பெட்டி குடுங்க."

"உனக்கு ஆறுதானேம்மா? ஏழு போடுற ஒரே ஆளும் போயிட்டாளே!"

"குடுங்கண்ணே. போன மாசம் நீங்க லீவுல இருந்தப்ப வாங்கின பெட்டி தீர்ந்துபோச்சு."