மணமில்லாத சென்ட்டு

ஷார்ஜாவிலிருந்து மகள் அஞ்சு கொண்டுவந்த சென்ட்டுக்கு மணமே இல்லை என்று வீடு மொத்தமும் சிரித்துக்கொண்டிருந்தது.

அவள் மணிக்கட்டில் ஒருமுறை அடித்து அம்மாவின் மூக்கருகே நீட்டினாள். சண்முகவடிவு மோந்து பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. இன்னும் ஒட்டிப் பிடித்தபோது, எங்கோ யாரோ பேரிக்காய் நறுக்கியதுபோல லேசாக வந்த மாதிரி இருந்தது. வராத மாதிரியும் இருந்தது.

"குப்பியில பச்சவெள்ளத்த அடைச்சு உன் தலையில கட்டியிருக்கான்" என்றான் அண்ணன் அனில்குமார்.

அஞ்சுவுக்கு ரோஷம் வந்துவிட்டது. பேரிக்காய், வெள்ளைப்பூ, கடைசியில் கொஞ்சம் கஸ்தூரி. இதமாக இருப்பதுதான் இதன் மதிப்பே, ஊரைக் கூட்டுகிற சென்ட்டா இது என்று வாதாடினாள். யார் கேட்டார்கள்? வீடு முழுக்கத் தீயலுக்குத் தேங்காய் வறுபடும் வாசம் வேறு.

வறுத்துக்கொண்டிருந்தவள் அனிலின் மனைவி ஹரிதா. ஆள் வந்து போகிற நாளில் அவள் அடுக்களையை விட்டு வெளியே வருவதில்லை. வந்தால் "விசேஷம் உண்டா?" என்று யாராவது கேட்டுத் தொலைப்பார்கள்.

போன கார்த்திகையில் விசேஷம் உண்டாகி, இரண்டாம் மாதமே கலைந்துபோயிற்று. அதற்குள் ஊருக்கெல்லாம் தெரிந்திருந்தது. துக்கம் விசாரிக்க வந்தவர்களுக்கு அவளே காப்பி போட்டுக் கொடுத்தாள், பாவம். அன்றிலிருந்து சண்முகவடிவு மருமகளிடம் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. ஆசை மட்டும் விட்டுத் தொலையவில்லை.

"அஞ்சு, பேரிக்கா ஆருக்கு நறுக்குக? இங்க வரைக்கும் மணக்கு!" அடுக்களையிலிருந்து ஹரிதாவின் குரல் வந்தது.

மைனியும் கேலி செய்கிறாள் என்று எல்லோரும் இன்னும் பலமாகச் சிரித்தார்கள்.

சண்முகவடிவுக்குச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

நடுவில் இரண்டு அறை இருக்கிறது. தேங்காய்ப் புகை இருக்கிறது. போதாததற்குக் காலையிலிருந்து ஹரிதா மூக்கை மூடித் துவர்த்துத் துண்டு கட்டியிருக்கிறாள். கேட்டால் புகை ஆகவில்லை என்கிறாள். என்றைக்கு இவளுக்குப் புகை ஆகாமல் போயிற்று?

நாக்கு நுனிக்கு வந்த கேள்வியைச் சண்முகவடிவு விழுங்கினாள். அஞ்சுவின் கையிலிருந்து குப்பியை வாங்கிக்கொண்டு முற்றத்துக்குப் போனாள். குட்டிக்கூரா பவுடரைத் தாண்டி ஒன்றையும் அறியாத உடம்பு. சேலைத் தலைப்பில் ஒரே ஒருமுறை அடித்துக்கொண்டாள்.

பிறகு சத்தம் காட்டாமல் நடந்து அடுக்களை வாசலில் போய் நின்றாள்.

ஹரிதா அடுப்பைப் பார்த்தபடியே நின்றாள். திரும்பவில்லை.

"வந்துட்டியா அஞ்சு? அந்த சென்ட்டோட கிட்ட வராத மக்கா, கொமட்டிட்டு வருது."

சொல்லிவிட்டுத்தான் திரும்பினாள். மாமியாரைப் பார்த்ததும், துவர்த்துக்கு மேலே இரண்டு கண்ணும் நிறைந்துவிட்டன.

"இப்ப ஆருகிட்டயும் சொல்லாண்டாம், அத்தே."

சண்முகவடிவு சேலைத் தலைப்பைச் சுருட்டி இடுப்பில் செருகினாள். மருமகளை ஜன்னல் பக்கம் நகர்த்தி நிறுத்திவிட்டு, அவள் கையிலிருந்த கரண்டியை வாங்கித் தேங்காயைக் கிளறத் தொடங்கினாள்.

"என்னத்தட்டி சொல்ல?" என்றாள்.