இடது இடுப்பு

தமயந்திக்கு இடுப்புவலி குறையவே இல்லை. ஆஸ்பத்திரிக்கு வரவும் மறுத்துவிட்டாள். அதனால் அவள் கணவன் இளம்பரிதி, நிற்கும் விதத்தை வைத்து வீட்டிலேயே இடுப்பைச் சரிபார்க்கும் பேசும் பாய் ஒன்றை வாங்கிவந்து கூடத்தில் விரித்தான். முதலில் அவன் ஏறி நின்றான்.

"இடுப்பு நேராக இருக்கிறது" என்றது பாய்.

அடுத்து தமயந்தி ஏறினாள். கைகள் வெறுமனே தொங்கின.

"இடுப்பில் இருக்கும் குழந்தையை இறக்கி வைத்துவிட்டு நில்லுங்கள்."

இளம்பரிதி குனிந்து பாயைப் பார்த்தான். அவர்களுடைய ஒரே மகள் மகிழினி மூளைக்காய்ச்சலில் இறந்து நான்கு மாதமாகிறது. ஒன்றரை வயது. தூக்கினால் அம்மாவின் இடது இடுப்புதான் வேண்டும் அவளுக்கு.

"மிஷின்ல ஏதோ கோளாறு. இறங்கி மறுபடி ஏறு, தமா."

ஏறினாள். "இடப்பக்கம் குழந்தை இருக்கிறது. இறக்கி வையுங்கள்" என்றது பாய்.

அப்போதுதான் அவன் பார்த்தான். இடது இடுப்பை வெளியே தள்ளி, உடம்பை வலப்பக்கம் சாய்த்து நின்றிருந்தாள். இத்தனை மாதமும் இப்படியேதான் வீட்டுக்குள் நடந்திருக்கிறாள்.

இரண்டு கைகளையும் நீட்டினான்.

"எங்கிட்ட குடும்மா. கொஞ்ச நேரம் நான் வச்சிருக்கேன்."

தமயந்தி சட்டென்று பின்வாங்கினாள்.

"மெதுவாப் பேசுங்க" என்றாள். "இப்பத்தான் தூங்கினா."