ஐந்து கிராம் மூடி

“நானா, கொஞ்சம் இங்க வாங்க! இந்த அக்காவோட சுவெட்டருக்குள்ள என்ன இருக்குன்னு கேளுங்க!”

மலைநாட்டு ஹட்டன் டவுனில், முதலாளி இம்தியாஸ் நானா தேயிலைத்தூள் பொதி செய்யும் கொட்டகையே அதிரும்படி கத்தியது நான்தான். பெயர் நிரஞ்சன். தொழில், மூடி. கொழும்பில் ஒரு பிளாஸ்டிக் கம்பனியில் டப்பா மூடிகளுக்கு டிசைன் போடுகிறேன்.

சிரிக்காதீர்கள். “மூடியில டிசைன் போட என்ன இருக்கு?” என்று என் மாமனாரும் கேட்டார். நல்லவேளை, பெண்ணைக் கொடுத்த பிறகுதான் கேட்டார்.

தேயிலைத்தூள் டப்பாவின் மூடி அதுவரை எட்டு கிராம். நான் அதை ஐந்தாக்கினேன். மூடி மெலிந்தால் பிளாஸ்டிக் மிச்சம். உருக்கி அச்சுக்குள் செலுத்தியதும் சட்டென்று ஆறிவிடும். இரண்டு மூடி வந்த நேரத்தில் மூன்று வரும். இதைச் செய்து முடித்த நாளிலிருந்து என் நடையே மாறிவிட்டது என்று என் மனைவி சொல்கிறாள்.

இம்தியாஸ் நானா ஒரு கிழமை, ஏழு நாள், பாவித்துப் பார்ப்பதாகவும், ஒரு மூடிகூட உடையாவிட்டால் வருஷம் முழுவதற்கும் ஓடர் தருவதாகவும் சொல்லியிருந்தார். ஓடர் கிடைக்காவிட்டால் மெஷினிலிருந்து அச்சையும், வேலையிலிருந்து என்னையும் கழற்றிவிடுவோம் என்று கம்பனியில் சொல்லியிருந்தார்கள்.

முதல் பெட்டிகளை நானே ஒரு மத்தியான வெயிலில் கொண்டுவந்து இறக்கினேன். “நானும் இங்க வட்டவளைத் தோட்டத்துப் புள்ளதான்” என்று பெண்கள் முன்னால் ஒரு சின்னப் பேச்சும் பேசிவிட்டுப் போனேன். கேட்காமலே பேசுவது என் பழக்கம்.

ஒரு மூடிகூட உடையவில்லை என்று நானா போனில் சொன்னார். கடைசி நாள் கையெழுத்து வாங்க விடியற்காலை பஸ்ஸில் வந்து இறங்கினேன். இரண்டு சுவெட்டர் போட்டும் பல் தந்தியடித்தது.

கொட்டகைக்குள் நுழைந்தால், மேசையோரம் நின்ற ஒரு அக்கா பெட்டியிலிருந்து என் மூடிகளை அள்ளி, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, சுவெட்டருக்குள் போட்டுக்கொள்கிறார். அதைப் பார்த்துத்தான் கத்தினேன்.

இம்தியாஸ் நானா வந்தார். “என்ன சண்முகவடிவு? வெளிய எடுங்க பார்ப்போம்.”

அக்கா தலையைக் குனிந்துகொண்டு சுவெட்டரை உதறினார். ஏழெட்டு மூடிகள் விழுந்தன.

“ஏன் எடுத்தீங்க?”

அக்கா என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

“வீட்டுக்கு வேணும்னா என்கிட்ட கேட்டிருக்கலாமே அக்கா, நானே குடுத்திருப்பேனே,” என்றேன் பெருந்தன்மையோடு. “சோறு போடுற எடத்துல கை வைக்கலாமா?”

அப்போது என் குரல் எனக்கே பிடித்திருந்தது. அதைச் சொல்லத்தான் இப்போது கூசுகிறது.

“இத்தன வருஷமா ஒங்கள நம்பி இருந்தேன்,” என்றார் இம்தியாஸ் நானா. “வீட்டுக்குப் போங்க. இனி வர வேணாம்.”

அக்கா குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

“கீழ கெடக்குறத எடுத்துட்டு உள்ள வாங்க தம்பி. கையெழுத்துப் போட்டுருவோம்,” என்று சொல்லிவிட்டு நானா தன் அறைக்குப் போனார்.

நான் மூடிகளைப் பொறுக்கினேன். நிமிர்ந்தால், மேசையில் ஒரு கையும் வேலை செய்யவில்லை. பிரேமினி என்ற பெண் என் எதிரில் வந்து நின்றாள்.

“இப்ப சந்தோஷமா சேர்?”

தன் சுவெட்டருக்குள் கைவிட்டு நாலைந்து மூடிகளை எடுத்து மேசையில் வைத்தாள். பக்கத்தில் நின்றவள் ஒரு கைப்பிடி வைத்தாள். அடுத்தவளும் வைத்தாள்.

“என்ன இது, எல்லாருமா?”

“நீங்க குடுத்துட்டுப் போன மறுநாள் காலையிலயே நாலு மூடி ஒடஞ்சிருச்சி. இந்தக் குளிருல அமத்துனா படக்குன்னு விரியுது. வெயில் ஏறிட்டா ஒண்ணும் ஆகல. ஒடஞ்சத மொதலாளி கண்ணுல படாம அக்காதான் முந்தானையில முடிஞ்சி கொண்டு போனாங்க. அதுலருந்து வெயில் வர்ற வரைக்கும் சுவெட்டருக்குள்ள வச்சி, சூடு பண்ணித்தான் போடுறோம்.”

கொழும்பு வெயிலில் சோதனை செய்து, நானே சபாஷ் போட்டுக்கொண்ட மூடி அது. எனக்குக் குளிரும் என்று இரண்டு சுவெட்டர் கொண்டுவந்தவனுக்கு, மூடிக்கும் குளிரும் என்று தோன்றவில்லை. பிறந்தது மட்டும் வட்டவளையில்.

“ஏன் இப்படிச் செஞ்சீங்க?”

“நம்ம தோட்டத்துப் புள்ள செஞ்சது, திரும்பிப் போகக் கூடாதுன்னு அக்கா சொன்னாங்க.”

“அத மொதலாளி கேட்டப்பவே சொல்லியிருக்கலாமே!”

“சொன்னா ஒங்களுக்குக் கையெழுத்துப் போடுவாரா சேர்?”

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவ்வளவு வெட்கமாக இருந்தது.

உள்ளே நானா பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். நான் இரவெல்லாம் குளிரில் கிடந்த பெட்டியிலிருந்து ஒரு மூடியை எடுத்துக்கொண்டு போனேன். அவர் மேசையிலிருந்த டப்பாவின் மேல் வைத்து அழுத்தினேன். படக்கென்று விரிந்து இரண்டானது.

“சண்முகவடிவு அக்கா ஒளிச்சு வச்சது இதத்தான் நானா,” என்றேன்.